ஹை அவைலபிலிட்டி கிளஸ்டரில் தரவுத்தள சர்வர்களைத் தானாகக் கண்காணிக்க: முழுமையான வழிகாட்டி

மூன்று சர்வர் கொண்ட கிளஸ்டரில் ஒன்று விழுந்து பதினொரு நாள் ஆகியும் யாருக்கும் தெரியவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்த கிளஸ்டர்தான் அது. ஆப் ஓடியது, எழுத்தும் வாசிப்பும் நடந்தன, டாஷ்போர்டு பச்சையாகவே இருந்தது. பன்னிரண்டாம் நாள் இன்னொரு சர்வரின் டிஸ்க் போனபோதுதான், மாற்று என்று நம்பியிருந்தது எப்போதோ போய்விட்டது என்று புரிந்தது.

கிளஸ்டர் தன் வேலையைச் சரியாகச் செய்ததால்தான் முதல் பழுது கண்ணில் படவில்லை. தனிச் சர்வரைக் கண்காணிப்பவர் "ஓடுகிறதா?" என்று கேட்டால் போதும். கிளஸ்டரைக் கண்காணிப்பவர் "இன்னொரு அடி விழுந்தால் தாங்குமா?" என்று கேட்க வேண்டும். கீழே உள்ள படிகளின் வரிசை முழுக்க இந்த இரண்டாவது கேள்வியை வைத்துத்தான்.

எடுத்துக்காட்டுக்கு நான் வைத்துக்கொள்ளும் அமைப்பு: போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் ஓடும் மூன்று நோட்கள் (சர்வர்கள்), அவற்றில் எழுத்தை ஏற்கும் பிரைமரி ஒன்று, அதை நகலெடுத்துக்கொண்டே இருக்கும் ரெப்ளிகா இரண்டு. பிரைமரி விழுந்தால் ஒரு ரெப்ளிகாவை அதன் இடத்துக்கு உயர்த்தும் (இதுதான் ஃபெயில்ஓவர்) பேட்ரோனி, யார் தலைவர் என்ற பூட்டைப் பேட்ரோனி வைத்திருக்கும் மூன்று உறுப்பினர் எட்சிடி, முன்னால் ஆப்பின் இணைப்புகளைச் சரியான நோடுக்கு அனுப்பும் ஹெச்ஏபிராக்சி. கண்காணிப்புக்கு, எண்களைத் திரட்டும் ப்ரொமீதியஸ், அலெர்ட்களை அனுப்பும் அலர்ட்மேனேஜர், வரைபடம் காட்டும் கிராஃபானா. பெயர்களை எல்லாம் உச்சரிப்பில் எழுதுகிறேன். வியூ (தரவுத்தளம் தன் நிலையைக் காட்டும் அட்டவணை), மெட்ரிக் (அளக்கப்படும் எண்) பெயர்களை டைப் செய்யும்போது சொற்களுக்கு நடுவே இடைவெளிக்குப் பதில் அடிக்கோடு வரும்.

1. தொடங்கும் முன் தயாராக இருக்க வேண்டியவை

முதலில், கிளஸ்டருக்கு வெளியே ஒரு தனி மெஷின். ப்ரொமீதியஸை ஏதோ ஒரு ரெப்ளிகாவிலேயே நிறுவிவிடுவது புதியவர்கள் அடிக்கடி செய்யும் சிக்கனம். அந்த நோட் விழும்போது பழுதும் சாட்சியும் சேர்ந்தே போய்விடும். ஒரே ரேக், ஒரே சுவிட்ச், ஒரே ஸ்டோரேஜ் என்று இருந்தாலும் நிலைமை அதுதான்.

அடுத்து போர்ட்கள். கண்காணிப்பு மெஷினிலிருந்து ஒவ்வொரு நோடுக்கும் 9100 (மெஷினின் எண்களை வெளியிடும் நோட் எக்ஸ்போர்ட்டர்), 9187 (தரவுத்தளத்தின் எண்களை வெளியிடும் போஸ்ட்கிரெஸ் எக்ஸ்போர்ட்டர்), 8008 (பேட்ரோனியின் ஏபிஐ), 2379 (எட்சிடி) திறந்திருக்க வேண்டும். இவை இயல்பான எண்கள். உங்கள் இடத்தில் மாற்றியிருக்கலாம். ஃபயர்வால் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டிய இடம் என்றால் இதை முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

எல்லா மெஷின்களிலும் நேரம் ஒத்திருக்க வேண்டும். குரோனியோ வேறு எதுவோ, ஏதாவது ஒரு நேர ஒத்திசைவு ஓட வேண்டும். இல்லையென்றால் எந்த நிகழ்வு முதலில் நடந்தது என்று லாகை வைத்துச் சொல்லவே முடியாது. ரெப்ளிகா எவ்வளவு வினாடி பின்தங்கியிருக்கிறது என்ற கணக்கும் பொய்யாகிவிடும்.

கடைசியாக, கண்காணிப்புக்கென்று ஒரு தரவுத்தளப் பயனர். சூப்பர்யூசர் வேண்டாம். போஸ்ட்கிரெஸ் 10 முதல் பிஜி மானிட்டர் என்ற ரோல் உள்ளேயே வருகிறது. அதைக் கொடுத்தால் போதும். இங்கே இரண்டு இடத்தில் இடறுவார்கள். பயனரைப் பிரைமரியில் மட்டும் உருவாக்கினால் போதும், ரெப்ளிகேஷன் வழியாக மற்ற நோட்களுக்குத் தானாகப் போய்விடும். ஆனால் யார் எங்கிருந்து இணையலாம் என்று சொல்லும் பிஜி ஹெச்பிஏ கோப்பு அப்படிப் போகாது. அது நோடுக்கு நோடு தனி. பேட்ரோனி இருப்பதால் அந்த வரியை அதன் பொதுக் கான்ஃபிக்கில் எழுதுங்கள். ஒரு நோடில் கையால் திருத்தினால் பேட்ரோனி அதை மேலெழுதிவிடலாம்.

இரண்டாவது இடறல், இணைப்பு எண்ணிக்கை. மேக்ஸ் கனெக்ஷன்ஸ் நிரம்பிவிட்டால் சூப்பர்யூசருக்கு மட்டும் 3 இடம் ஒதுக்கி வைப்பது இயல்பான அமைப்பு. நம் பயனர் சூப்பர்யூசர் இல்லை, ஆகவே சரியாகக் கூட்ட நெரிசல் வரும் நேரத்தில் கண்காணிப்பும் வாசலில் நிற்கும். போஸ்ட்கிரெஸ் 16 முதல் ரிசர்வ்டு கனெக்ஷன்ஸ் என்ற அமைப்பு இருக்கிறது. அதில் இரண்டு மூன்று இடம் ஒதுக்கி, அதைப் பயன்படுத்தும் உரிமையை இந்தப் பயனருக்குக் கொடுத்துவிடலாம்.

2. நலமாக இருப்பது எப்படி இருக்கும் என்று எழுதி வையுங்கள்

எக்ஸ்போர்ட்டரைத் தொடும் முன் ஐந்து வரி எழுதுங்கள். என்னுடையது இப்படி இருக்கும்: பிரைமரி ஒன்றே ஒன்று. ஸ்ட்ரீமிங் நிலையில் (பிரைமரியிடமிருந்து மாற்றங்களைத் தொடர்ந்து பெறும் நிலையில்) ரெப்ளிகா இரண்டு. மூன்றும் ஒரே டைம்லைனில் (ஒவ்வொரு ஃபெயில்ஓவரிலும் ஏறும் எண்). எட்சிடியில் மூன்று பேரும் இருக்கிறார்கள், தலைவர் ஒருவர். ஹெச்ஏபிராக்சி வழியாக எழுத முடிகிறது.

இதை எழுதாமல் ஆரம்பிப்பவர்கள், எக்ஸ்போர்ட்டர் எதைத் தருகிறதோ அதற்கெல்லாம் அலெர்ட் வைக்கிறார்கள். நூற்றுக்கணக்கான மெட்ரிக் வரும். அவற்றில் பெரும்பாலானவை பழுதான பிறகு காரணம் தேட உதவுமே தவிர, பழுதைச் சொல்ல உதவாது. இந்த ஐந்து வரியில் எது உடைந்தாலும் அலெர்ட் வர வேண்டும்; மற்றதெல்லாம் பிறகு.

3. ஒவ்வொரு நோடிலும் எக்ஸ்போர்ட்டர்

நோட் எக்ஸ்போர்ட்டர், போஸ்ட்கிரெஸ் எக்ஸ்போர்ட்டர் இரண்டையும் மூன்று நோடிலும் சிஸ்டம்டி சர்வீஸாக வையுங்கள். போஸ்ட்கிரெஸ் எக்ஸ்போர்ட்டர் அதே மெஷினில் உள்ள தரவுத்தளத்தோடு மட்டும், யுனிக்ஸ் சாக்கெட் அல்லது லோக்கல்ஹோஸ்ட் வழியாகப் பேசட்டும். பாஸ்வேர்டு தனிக் கோப்பில் இருக்கட்டும், சர்வீஸ் வரியில் வேண்டாம்.

இந்தப் படியில் நான் அதிகமாகப் பார்த்த தவறு, எக்ஸ்போர்ட்டரை விர்ச்சுவல் ஐபி அல்லது ஹெச்ஏபிராக்சி முகவரிக்குத் திருப்பிவிடுவது. ஆப் அந்த முகவரியைத்தானே பயன்படுத்துகிறது, கண்காணிப்பும் அதையே பயன்படுத்தட்டும் என்பது யோசனை. ஆனால் அந்த முகவரி எப்போதும் உயிரோடு இருக்கும் பிரைமரியிடமே கொண்டுபோய் விடும். ரெப்ளிகா இரண்டும் செத்தாலும் வரைபடம் அழகாக இருக்கும். ஃபெயில்ஓவர் நடந்த பின் அதே பெயரில் வேறு மெஷினின் எண்கள் வரும், வரைபடத்தில் தையல்கூடத் தெரியாது. அந்த முகவரியைச் சோதிக்க வேண்டியதுதான், ஆனால் வேறு விதமாக. 8ஆம் படியில் வருகிறது.

இன்னொன்று, மெட்ரிக்கில் அப் என்பதும் பிஜி அப் என்பதும் வேறு வேறு. எக்ஸ்போர்ட்டர் பதில் சொன்னால் அப் 1 ஆகிவிடும். அதன் பின்னால் இருக்கும் தரவுத்தளம் பதில் சொன்னால்தான் பிஜி அப் 1. முதலாவதை மட்டும் பார்த்துக்கொண்டு, தரவுத்தளம் நின்றுபோனதைக் கவனிக்காதவர்கள் உண்டு. எக்ஸ்போர்ட்டரை நிறுவியதும் பிரவுசரில் 9187ஐத் திறந்து பிஜி அப் 1 என்று இருக்கிறதா என்று மூன்று நோடிலும் பார்த்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள். ஹெச்பிஏ தவறு இங்கேயே பிடிபடும்.

4. ப்ரொமீதியஸில் சேர்ப்பது

ப்ரொமீதியஸ் எண்களை எடுக்கப் போகும் ஸ்கிரேப் இடைவெளி இயல்பாக 1 நிமிடம். கிளஸ்டருக்கு இது போதாது. பேட்ரோனியின் இயல்பான அமைப்பில் தலைவர் பூட்டின் ஆயுள் 30 வினாடி, சுற்று இடைவெளி 10 வினாடி. அதாவது பிரைமரி விழுந்து புதியது எழுந்து நிற்பது முழுக்க இரண்டு ஸ்கிரேப்புகளுக்கு நடுவே முடிந்துவிடக்கூடும். 10 அல்லது 15 வினாடி வையுங்கள்.

ஒவ்வொரு டார்கெட்டுக்கும் (ஸ்கிரேப் ஆகும் முகவரி) கிளஸ்டர் பெயரை லேபிளாகக் கொடுங்கள். இரண்டாவது கிளஸ்டர் வரும் நாளில் இது இல்லாமல் எல்லா விதிகளையும் திருத்த வேண்டிவரும். ஆனால் பிரைமரி, ரெப்ளிகா என்ற பங்கை மட்டும் லேபிளாக எழுதாதீர்கள். அது ஆணி அடித்து வைக்கக்கூடிய விஷயம் இல்லை. முதல் ஃபெயில்ஓவரிலேயே லேபிள் பொய் சொல்ல ஆரம்பிக்கும். பங்கை எப்போதும் மெட்ரிக்கிலிருந்தே எடுங்கள். இதே காரணத்தால் நோட்களுக்குப் பிரைமரி, செகண்டரி என்று ஹோஸ்ட்நேம் வைப்பதும் தலைவலிதான்.

தரவை ப்ரொமீதியஸ் இயல்பாக 15 நாள் வைத்திருக்கும். மாதாமாதம் வரும் வேலைகளின் தாக்கத்தை ஒப்பிட வேண்டுமென்றால் இதைக் கூட்டுங்கள்.

5. கிளஸ்டர் முழுவதையும் பார்க்கும் விதிகள்

இந்தப் படிதான் மையம். சிபியு, மெமரியை எல்லாம் தள்ளி வைத்துவிட்டு இதை முதலில் முடியுங்கள். பேட்ரோனி 2.1 முதல் 8008 போர்ட்டில் மெட்ரிக்ஸ் என்ற முகவரியில் ப்ரொமீதியஸ் வடிவத்திலேயே தகவல் தருகிறது. தனி எக்ஸ்போர்ட்டர் வேண்டாம்.

முதல் விதி: பிரைமரி இருக்கிறதா? பேட்ரோனி பிரைமரி என்ற மெட்ரிக்கைக் கிளஸ்டர் வாரியாகக் கூட்டினால் 1 வர வேண்டும். பழைய பதிப்புகளில் இது மாஸ்டர் என்ற பெயரில் இருக்கும். 0 என்றால் எழுத ஆளில்லை. ஃபெயில்ஓவரின்போது சிறிது நேரம் 0 வருவது இயல்பு என்பதால், ஒரு நிமிடம் தொடர்ந்தால் மட்டும் அலெர்ட் என்று வையுங்கள்.

இரண்டாவது விதி: பிரைமரி ஒன்றுக்கு மேல் இருக்கிறதா? இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். பலரும் முதல் விதியையே சற்று மாற்றி, கூட்டல் 2 வந்தால் அலெர்ட் என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் இரட்டைப் பிரைமரி எப்போது உருவாகும்? பழைய பிரைமரியில் பேட்ரோனி உறைந்துபோய், தரவுத்தளம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்போது. உறைந்த பேட்ரோனி 8008இல் பதில் சொல்லாது. அதனால் கூட்டல் 1 என்றே வரும். ஆபத்து வந்த நேரத்தில் விதி ஊமையாகிவிடும்.

ஆகவே இந்தக் கேள்வியைத் தரவுத்தளத்திடமே கேளுங்கள். போஸ்ட்கிரெஸ் எக்ஸ்போர்ட்டரில் பிஜி ரெப்ளிகேஷன் இஸ் ரெப்ளிகா என்ற மெட்ரிக் இருக்கிறது. அது 0 என்று சொல்லும் நோட்களின் எண்ணிக்கை 1ஐத் தாண்டினால் அலெர்ட். நோட்கள் ஒரே கணத்தில் ஸ்கிரேப் ஆவதில்லை என்பதால், திட்டமிட்ட மாற்றத்தின்போது ஒரு நொடிப் பொழுது 2 தெரியலாம். 30 வினாடி பொறுமை கொடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். இரட்டைப் பிரைமரியில் ஒவ்வொரு நிமிடமும் இரண்டு பக்கமும் வேறு வேறு தரவு சேர்ந்துகொண்டே போகும்.

மூன்றாவது விதிதான் ஆரம்பத்தில் சொன்ன பதினொரு நாள் கதைக்கு மருந்து: ஸ்ட்ரீமிங்கில் உள்ள ரெப்ளிகா எண்ணிக்கை 2க்குக் குறைந்தால் அலெர்ட். பிரைமரியில் பிஜி ஸ்டாட் ரெப்ளிகேஷன் வியூவில் ஸ்ட்ரீமிங் நிலையில் எத்தனை வரி இருக்கிறது என்று எண்ணினால் போதும். ரெப்ளிகா தான் நலம் என்று சொல்வதை நம்பாதீர்கள். பிரைமரியோடு தொடர்பு அறுந்தாலும் அது பழைய தரவை வைத்து வாசிப்புக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கும்.

அப்புறம் சில சின்ன விதிகள். டைம்லைன் எண் மாறினால் ஒரு தகவல் செய்தி. ஃபெயில்ஓவர் நடந்தது என்பதற்கு அழியாத தடயம் அது, ஸ்கிரேப் தவறவிட்டாலும் இது தவறாது. பேட்ரோனி பாஸ் (தற்காலிக நிறுத்தம்) நிலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் அலெர்ட். பராமரிப்புக்காகப் பாஸ் செய்துவிட்டு ரெஸ்யூம் செய்ய மறந்து வீட்டுக்குப் போவது எல்லோருக்கும் நடக்கும். அந்த நிலையில் தானியங்கி ஃபெயில்ஓவரே கிடையாது. வெளிப்பார்வைக்கு எல்லாம் இயல்பாகத்தான் இருக்கும்.

எட்சிடியைத் தனியாகப் பாருங்கள். மூன்றில் ஒன்று போனாலும் கோரம் (முடிவெடுக்கத் தேவையான பெரும்பான்மை) தாங்கும். இரண்டு போனால் கோரம் உடையும். அப்போது, ஃபெயில்சேஃப் மோட் போடாத பேட்ரோனி, பிரைமரியை வாசிப்பு மட்டும் என்ற நிலைக்கு இறக்கிவிடும். மூன்று தரவுத்தளமும் உயிரோடு இருக்கும், ஒன்றிலும் எழுத முடியாது. புதியவர்கள் போஸ்ட்கிரெஸ் லாகைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருப்பார்கள். அதனால் எட்சிடி உறுப்பினர் ஒருவர் குறைந்தாலே அலெர்ட் வர வேண்டும். இரண்டாவது போகும்வரை காத்திருப்பதில் பொருளில்லை.

எட்சிடியில் இன்னும் மூன்று பார்க்க வேண்டும்: தலைவர் இருக்கிறாரா, தலைவர் எத்தனை முறை மாறினார், டிஸ்கில் எழுதி உறுதிசெய்ய எவ்வளவு நேரம். வால் (மாற்றங்களை முதலில் எழுதி வைக்கும் பதிவு, போஸ்ட்கிரெஸிலும் உண்டு) எஃப்சிங்க் நேரத்தின் 99ஆம் சதமானம் 10 மில்லிவினாடிக்குள் இருக்க வேண்டும். எட்சிடியையும் போஸ்ட்கிரெஸையும் ஒரே டிஸ்கில் வைத்தவர்கள் இந்த எண்ணை அவசியம் பார்க்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் நினைவகத்தில் உள்ள மாற்றங்களை டிஸ்கில் கொட்டும் பெரிய செக்பாயின்ட் வரும்போது டிஸ்க் திணறும், எட்சிடி தாமதமாகும், பேட்ரோனியால் பூட்டைப் புதுப்பிக்க முடியாது, காரணமே இல்லாமல் ஃபெயில்ஓவர் நடந்ததுபோல் தெரியும். எட்சிடியின் தரவு அளவுக்கு இயல்பான வரம்பு 2 ஜிபி என்பதையும் ஒரு விதியாகச் சேருங்கள். அதைத் தாண்டினால் எழுத மறுத்துவிடும்.

கலேரா போன்ற வேறு கிளஸ்டர் வைத்திருப்பவர்கள் கேள்விகளை மாற்ற வேண்டாம், பெயர்களை மட்டும் மாற்றினால் போதும். அங்கே டபிள்யூஎஸ்ரெப் கிளஸ்டர் சைஸ் நோட் எண்ணிக்கையைச் சொல்லும், கிளஸ்டர் ஸ்டேட்டஸ் பிரைமரி என்று இருக்க வேண்டும், ஒவ்வொரு நோடும் சிங்க்டு என்று சொல்ல வேண்டும்.

6. ரெப்ளிகேஷன் லேக்

லேக்கை, அதாவது ரெப்ளிகா எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்பதை, பைட்டிலும் அளக்கலாம், நேரத்திலும் அளக்கலாம். இரண்டும் வேண்டும், இரண்டுக்கும் தனித்தனிப் பொறி உண்டு.

நேரக் கணக்கில் உள்ள பொறி இது. இப்போதைய நேரத்திலிருந்து, ரெப்ளிகா கடைசியாக இயக்கிய டிரான்சாக்ஷனின் நேரத்தைக் கழிப்பது வழக்கமான வினவல். பிரைமரியில் யாரும் எதுவும் எழுதாத இரவு நேரத்தில் அந்தக் கடைசி நேரம் அப்படியே நிற்கும், வித்தியாசம் மட்டும் ஏறிக்கொண்டே போகும். ரெப்ளிகா முழுக்க ஒத்திருக்கும், அலெர்ட்டோ ஒரு மணி நேரம் லேக் என்று அலறும். வரப்பெற்ற வால் நிலையும் இயக்கப்பட்ட வால் நிலையும் ஒன்றாக இருந்தால் லேக் 0 என்று எடுத்துக்கொள்ளும்படி வினவலை எழுதுங்கள். ஆனால் அதிலும் ஓட்டை உண்டு: இணைப்பே அறுந்திருந்தால் வரப்பெற்றதும் இயக்கியதும் ஒன்றாகத்தான் இருக்கும், லேக் 0 என்று வரும். 5ஆம் படியின் மூன்றாவது விதி இல்லாமல் இந்த விதியைத் தனியாக வைக்காதீர்கள்.

பைட் கணக்கைப் பிரைமரியில் எடுங்கள். தற்போதைய வால் நிலைக்கும் ஒவ்வொரு ரெப்ளிகாவின் ரீப்ளே (இயக்கி முடித்த) நிலைக்கும் உள்ள வித்தியாசம். அலெர்ட்டுக்கு என்ன எண் வைப்பது? பலரும் ஏதோ ஒரு எண்ணை மனம்போல் போடுகிறார்கள். பேட்ரோனியில் மேக்ஸிமம் லேக் ஆன் ஃபெயில்ஓவர் என்ற அமைப்பு இருக்கிறது. இயல்பு 1 எம்பி. அதைவிடப் பின்தங்கிய ரெப்ளிகாவைப் பேட்ரோனி பிரைமரியாக உயர்த்தாது. அப்படியானால் அந்த எண்ணைத் தாண்டிய ரெப்ளிகா, இருந்தும் மாற்று இல்லை. ஆகவே அலெர்ட் எண்ணை இந்த அமைப்போடு கட்டுங்கள். எழுத்து அதிகமுள்ள இடத்தில் 1 எம்பியை நொடிக்கு நொடி தாண்டும். அங்கே எண்ணை உயர்த்துவதா, எத்தனை நிமிடம் தாண்டினால் அலெர்ட் என்று வைப்பதா என்பது எவ்வளவு தரவு இழப்பைத் தாங்க முடியும் என்பதைப் பொறுத்தது. அதை நிர்வாகத்திடம் கேட்டு முடிவு செய்யுங்கள், நீங்களாக முடிவெடுக்காதீர்கள்.

லேக் ஏறி இறங்கி ஏறுகிறது என்றால் முதலில் ரெப்ளிகாவில் நீண்ட வினவல் ஓடுகிறதா என்று பாருங்கள். ரிப்போர்ட் எடுப்பவர்கள் ரெப்ளிகாவில் வேலை செய்யும்போது, மோதல் வந்தால் ரீப்ளே இயல்பாக 30 வினாடி வரை காத்திருந்து பிறகுதான் வினவலை ரத்து செய்யும். வினவல் ரத்தாகிறது என்று புகார் வந்து யாரோ அந்த 30 வினாடியை ஒரு மணி நேரமாக்கியிருப்பார்கள். அந்த ரெப்ளிகா ஒரு மணி நேரம் வரை பின்தங்கலாம் என்று பொருள்.

அடுத்து ரெப்ளிகேஷன் ஸ்லாட்: நகலெடுப்பவர் எதுவரை வாசித்தார் என்று பிரைமரி குறித்து வைக்கும் இடம். மறுமுனையில் வாசிக்க ஆளில்லாத ஸ்லாட், தனக்குத் தேவையான வாலைப் பிரைமரியில் அழிக்க விடாது. இயல்பான அமைப்பில் இதற்கு வரம்பே இல்லை. டிஸ்க் நிரம்பிப் பிரைமரி நிற்கும். பேட்ரோனி தன் உறுப்பினர்களின் ஸ்லாட்களைத் தானே பார்த்துக்கொள்ளும். சிக்கல் வருவது நிரந்தரம் என்று கான்ஃபிக்கில் எழுதியவற்றாலும் லாஜிக்கல் ரெப்ளிகேஷனாலும். ஆக்டிவ் அல்லாத ஸ்லாட் பத்து நிமிடத்துக்கு மேல் இருந்தால் அலெர்ட், ஸ்லாட் பிடித்து வைத்திருக்கும் வால் அளவுக்கு ஒரு வரைபடம். போஸ்ட்கிரெஸ் 13 முதல் மேக்ஸ் ஸ்லாட் வால் கீப் சைஸ் என்று வரம்பு போடலாம். வரம்பைத் தாண்டிய ஸ்லாட் பயனற்றுப்போகும், ஆனால் பிரைமரி பிழைக்கும். என் கணக்கில் இது நல்ல பேரம்.

7. நோட் அளவில்

இதில் புதிதாகச் சொல்ல அதிகமில்லை, வேகமாகப் போகலாம். டிஸ்க்குக்கு 80 சதவீதம் என்று நிலையான எண் வைப்பதைவிட, ப்ரொமீதியஸின் பிரெடிக்ட் லீனியர் (இப்போதைய போக்கை வைத்துக் கணிப்பது) கொண்டு நான்கு மணி நேரத்தில் நிரம்புமா என்று கேட்பது பயனுள்ளது. வால் தனி டிஸ்கில் இருந்தால் அதற்கும் தனி விதி. இணைப்பு எண்ணிக்கை வரம்பில் 80 சதவீதத்தைத் தாண்டினால் எச்சரிக்கை.

ஒவ்வொரு டிரான்சாக்ஷனுக்கும் வரிசையாகத் தரப்படும் எண்ணுக்கு வரம்பு உண்டு, அதன் வயதை மறக்காதீர்கள். 20 கோடி ஆனதும் பழைய எண்களைத் துப்புரவு செய்ய ஆட்டோவேக்குவம் தானாக இறங்கும். சுமார் 200 கோடியை நெருங்கினால் புதிய எழுத்துகளைத் தரவுத்தளம் மறுத்துவிடும். 50 கோடியில் ஓர் எச்சரிக்கை வையுங்கள், நடவடிக்கைக்கு நேரம் கிடைக்கும். ரெப்ளிகாக்களும் அதே எண்ணைத்தான் சுமக்கின்றன என்பதால், இந்தப் பழுதிலிருந்து ஃபெயில்ஓவர் உங்களைக் காப்பாற்றாது.

வாலைப் பேக்கப்புக்காக நகலெடுக்கும் ஆர்க்கைவின் நிலையைக் காட்டும் பிஜி ஸ்டாட் ஆர்க்கைவரில் தோல்வி எண்ணிக்கை ஏறுகிறதா என்று பாருங்கள். ஆர்க்கைவ் நின்றால் பேக்கப் ஓட்டை விழும், வாலும் தேங்கும். சிபியு அதிகம் என்பதற்கு இரவில் யாரையும் எழுப்ப வேண்டாம்.

8. வெளியிலிருந்து ஒரு எழுத்து, ஒரு வாசிப்பு

இதுவரை எல்லாம் உள்ளிருந்து பார்த்தது. இப்போது ஆப் வரும் வழியிலேயே வாருங்கள். ஒரே ஒரு வரி கொண்ட ஹார்ட்பீட் டேபிள் ஒன்றை உருவாக்கி, சின்ன ஸ்கிரிப்ட் மூலம் 10 வினாடிக்கு ஒருமுறை ஹெச்ஏபிராக்சியின் எழுத்துப் போர்ட் வழியாக நேரத்தைப் பதிவுசெய்யுங்கள். வாசிப்புப் போர்ட் வழியாக அதைத் திரும்பப் படியுங்கள். எழுத முடிந்ததா, எவ்வளவு நேரம் ஆனது, படித்தது எவ்வளவு பழையது, மூன்றையும் மெட்ரிக்காக வெளியிடுங்கள்.

இந்த ஒரு சோதனை நிறைய விஷயங்களைப் பிடிக்கும். ஹெச்ஏபிராக்சி தவறான நோடுக்கு அனுப்புவது, சான்றிதழ் காலாவதி, டிஎன்எஸ், சிங்க்ரனஸ் ரெப்ளிகா (இதன் ஒப்புதலுக்குப் பிரைமரி காத்திருக்கும்) போனதால் கமிட் தொங்குவது. கடைசியில் சொன்னது எக்ஸ்போர்ட்டர்கள் கண்ணில் படாது. தரவுத்தளம் உயிரோடு இருக்கும், வாசிக்கும், எழுத்து மட்டும் நிற்கும். இடைவிடாமல் எழுத்து இருப்பதால் 6ஆம் படியில் சொன்ன இரவு நேரப் பொய் லேக்கும் மறைந்துவிடும்.

ஸ்கிரிப்ட்டுக்குத் டைம்அவுட் கட்டாயம். அது இல்லாமல் எழுதினால், தொங்கும் இணைப்பில் ஸ்கிரிப்டும் சேர்ந்து தொங்கும், தோல்வி என்று சொல்லக்கூட ஆளிருக்காது.

ஹெச்ஏபிராக்சியின் நலச் சோதனை பேட்ரோனியின் 8008 போர்ட்டைக் கேட்கிறதா, போஸ்ட்கிரெஸின் 5432ஐ மட்டும் தட்டிப் பார்க்கிறதா என்று இந்தப் படியிலேயே சரிபாருங்கள். 5432 ரெப்ளிகாவிலும் திறந்துதான் இருக்கும். பேட்ரோனியில் பிரைமரி என்ற முகவரி, தலைவர் நோடில் மட்டும் 200 தரும், மற்றவற்றில் 503. வாசிப்புப் பக்கத்துக்கு ரெப்ளிகா முகவரியோடு லேக் வரம்பையும் சேர்த்துக் கேட்கலாம். பின்தங்கியது தானே ஒதுங்கிவிடும்.

9. அலெர்ட் யாருக்கு, எப்போது

மூன்று தட்டு போதும். எழுப்ப வேண்டியவை: பிரைமரி இல்லை, பிரைமரி இரண்டு, ஹார்ட்பீட் எழுத்து தோல்வி, எட்சிடி கோரம் போய்விட்டது, டிஸ்க் சில மணி நேரத்தில் நிரம்பும். அன்றே பார்க்க வேண்டியவை: ரெப்ளிகா ஒன்று குறைவு, எட்சிடி உறுப்பினர் குறைவு, செத்த ஸ்லாட், பாஸ் நிலை, ஆர்க்கைவ் தோல்வி. தகவல் மட்டும்: ஃபெயில்ஓவர் நடந்து முடிந்தது.

ரெப்ளிகா குறைவு எந்தத் தட்டு என்று விவாதம் வரும். மூன்று நோடில் ஒன்று போனால் விடியும்வரை பொறுக்கலாம். மொத்தமே இரண்டு நோட் என்றால், அல்லது இரண்டாவது ரெப்ளிகாவும் போய்விட்டால், மாற்றே இல்லாமல் நிற்கிறீர்கள், எழுப்புங்கள்.

அலர்ட்மேனேஜரில் கிளஸ்டர் லேபிளை வைத்துக் குழுவாக்குங்கள். ஒரு நோட் விழுந்தால் நான்கு டார்கெட் விழும், லேக் விதி துடிக்கும், ஸ்லாட் விதி துடிக்கும். குழுவாக்காவிட்டால் ஒரு பழுதுக்கு ஒன்பது செய்தி வரும். நோட் விழுந்தது என்ற அலெர்ட் இருக்கும்போது அதே நோடின் எக்ஸ்போர்ட்டர் அலெர்ட்களை இன்ஹிபிட் விதியால் அடக்குங்கள். ரெப்ளிகா குறைவு என்பதை மட்டும் அடக்காதீர்கள். அது நோடைப் பற்றியது இல்லை, கிளஸ்டரைப் பற்றியது. நோட் அலெர்ட்டை யாரோ சைலன்ஸ் செய்த பிறகும் அது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இயல்பாக 4 மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்ப அனுப்பும், அதுவே பரவாயில்லை.

ஒவ்வொரு அலெர்ட் செய்தியிலும் முதலில் ஓட்டிப் பார்க்க வேண்டிய கட்டளை ஒன்று இருக்கட்டும். பாதித் தூக்கத்தில் எழுபவருக்கு, கிளஸ்டர் நிலையைக் காட்டும் பேட்ரோனிசிடிஎல் லிஸ்ட் என்ற ஒரு வரி பெரிய உதவி.

10. கண்காணிப்பவரைக் கண்காணிப்பது

ப்ரொமீதியஸ் நின்றுபோனால் அலெர்ட் வராது. அலெர்ட் வராததை எல்லாம் நலம் என்று எடுத்துக்கொள்வோம். அதனால் எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும் ஒரு பொய் அலெர்ட்டை வைத்து, அதை முற்றிலும் வெளியே உள்ள வேறொரு அமைப்புக்கு அனுப்புங்கள். அங்கே ஐந்து நிமிடம் அது வராவிட்டால் உங்களுக்கு அழைப்பு வர வேண்டும். விதி, அலர்ட்மேனேஜர், வெளியே போகும் இணைப்பு என்று முழுச் சங்கிலியும் இதில் சோதனையாகிறது.

டார்கெட் எண்ணிக்கைக்கும் ஒரு விதி வேண்டும். அப் 0 ஆனால் அலெர்ட் என்பது பட்டியலில் உள்ளவற்றுக்குத்தான் பொருந்தும். கான்ஃபிக்கைத் திருத்தும்போது ஒரு நோட் தவறி அழிந்துவிட்டால் அதன் அப் மெட்ரிக்கே இருக்காது, விதியும் எதுவும் சொல்லாது. மூன்று டார்கெட் இருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

11. உடைத்துப் பார்ப்பது

இது முடியாமல் அமைப்பு முடிந்தது என்று சொல்லாதீர்கள். சோதனைக் கிளஸ்டரில், இந்த வரிசையில் செய்யுங்கள். எளியதிலிருந்து கொடியது வரை. ஒவ்வொன்றுக்கும் எந்த அலெர்ட் எத்தனை வினாடியில் வர வேண்டும் என்று முன்பே எழுதி வைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

முதலில் பேட்ரோனிசிடிஎல் வழியாகத் திட்டமிட்ட ஸ்விட்ச்ஓவர். தகவல் செய்தி மட்டும் வர வேண்டும். யாரையாவது எழுப்பும் அலெர்ட் வந்தால் காத்திருப்பு நேரம் குறைவு என்று பொருள்.

அடுத்து பிரைமரியில் போஸ்ட்கிரெஸ் புராசஸைக் கொல்லுங்கள். ஃபெயில்ஓவர் நடக்கவில்லையே என்று பலரும் பதறும் இடம் இது. பேட்ரோனி முதலில் அதே நோடில் தரவுத்தளத்தை மீண்டும் எழுப்பத்தான் பார்க்கும். அதற்கு இயல்பாகக் கொடுத்திருக்கும் நேரம் 300 வினாடி. பெரிய தரவுத்தளம் மீட்பில் நேரம் எடுத்தால் அவ்வளவு நேரமும் எழுத முடியாது. இந்த எண் உங்களுக்குச் சரியா என்று இங்கேதான் தெரியவரும்.

மூன்றாவது, பேட்ரோனி சர்வீஸை நிறுத்துங்கள். அது தரவுத்தளத்தை ஒழுங்காக மூடி, பூட்டையும் விட்டுவிடும் என்பதால் மாற்றம் விரைவாக நடக்கும். நான்காவது, ஃபயர்வால் விதியால் பிரைமரியின் நெட்வொர்க்கை அறுங்கள். இதில் பூட்டு காலாவதியாக வேண்டும், ஆகவே 30 வினாடியை ஒட்டி ஆகும். அதன் மேல் ஹெச்ஏபிராக்சி புதியதைக் கண்டுகொள்ளும் நேரம். பேட்ரோனியோடு வரும் மாதிரி அமைப்பில் 3 வினாடிக்கு ஒரு சோதனை, 3 தோல்வி ஆனால் நோட் விழுந்ததாகக் கணக்கு.

ஐந்தாவது, எட்சிடி உறுப்பினரை ஒன்று நிறுத்திப் பாருங்கள், அப்புறம் இரண்டாவதையும். ஆறாவது, வால் டிஸ்கை ஒரு பெரிய பொய்க் கோப்பால் நிரப்புங்கள்.

கடைசியாக, பிரைமரியில் பேட்ரோனி புராசஸுக்கு ஸ்டாப் சிக்னல் கொடுத்து உறைய வையுங்கள். வாட்ச்டாக் (பேட்ரோனி உறைந்தால் மெஷினை ரீபூட் செய்யும் சாதனம்) இல்லாத நோடில், பூட்டு காலாவதியாகி வேறொரு நோட் பிரைமரியாகும். பழையதும் எழுத்தை ஏற்றுக்கொண்டே இருக்கும். 5ஆம் படியின் இரண்டாவது விதி இப்போது துடிக்க வேண்டும். துடித்ததைப் பார்த்த பிறகு வாட்ச்டாகை இயக்கி இதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். இம்முறை பழைய நோட் தானாக ரீபூட் ஆக வேண்டும். ஆகவில்லை என்றால் வாட்ச்டாக் சாதனக் கோப்பைத் திறக்கப் போஸ்ட்கிரெஸ் பயனருக்கு உரிமை இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அதுதான்.

பேட்ரோனி, போஸ்ட்கிரெஸ், எக்ஸ்போர்ட்டர் என்று எதன் பெரிய பதிப்பு மாறினாலும் இந்தப் படியைத் திரும்பச் செய்யுங்கள். மெட்ரிக் பெயர் மாறினால் விதி பிழை காட்டாது, வெறுமனே எதையும் பிடிக்காமல் சும்மா இருக்கும்.